லிங்க் அனுப்புபவருக்கு என்ன லாபம்?

இணையச் சூதாட்டத் தளங்களுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது இன்று தனித் தொழில். கிரிக்கெட் கணிப்பு சொல்லும் டெலிகிராம் சேனல், ஜெயித்த தொகையை ஸ்கிரீன்ஷாட்டாகப் போடும் இன்ஸ்டாகிராம் பக்கம், ‘சிறந்த பத்து தளங்கள்’ என்று வரிசைப்படுத்தும் விமர்சனப் பக்கம் எல்லாம் இதில் அடக்கம். அவர்கள் தரும் லிங்க்கின் வாலில் ஒரு குறியீடு ஒட்டியிருக்கும்; அதன் வழியே நுழைபவர் யார் அனுப்பிய ஆள் என்பது தளத்தின் கணக்கில் ஏறிவிடும். கூலி பெரும்பாலும் இரண்டு வகை. புதியவர் முதன்முறை பணம் கட்டியதும் தலைக்கு இவ்வளவு என்பது ஒன்று. அவர் தோற்கும் பணத்தில் தொடர்ந்து பங்கு பெறுவது இன்னொன்று. இந்த இரண்டாம் வகையில், உங்களுக்கு டிப்ஸ் கொடுப்பவருக்கு நீங்கள் தோற்றால்தான் வருமானம். அதை மட்டும் அவர் சொல்வதில்லை.

சூதாட்டம் உரிமம் பெற்று நடக்கும் பிரிட்டனிலேயே இது நாறியது. கடனில் மூழ்கியவர் சூதாடி மீண்டதாகச் செய்தி போலவே புனைந்த விளம்பரங்களை 2017இல் அங்குள்ள விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு தடை செய்தது. எழுதியவர்கள் ஆள்பிடிப்பவர்கள், பொறுப்பேற்க நேர்ந்ததோ லாட்புரோக்ஸ், ஸ்கை பெட் உள்ளிட்ட சூதாட்ட நிறுவனங்களுக்கு. அதே ஆண்டு ஸ்கை பெட் தன் ஆள்பிடிப்புத் திட்டத்தையே இழுத்து மூடியது. பொறுப்பை மேலே ஏற்றினால் கீழே ஒழுங்கு வரும் என்று நான் நம்புவதற்கு இது ஒரு காரணம்.

“இந்தியாவில்தான் தடை வந்துவிட்டதே, இனி ஆள்பிடிப்பவரின் வெளிப்படைத்தன்மை எதற்கு?” என்று கேட்கலாம். ஆனால் தளம் கரீபியன் தீவான குராசோவில் பதிவாகியிருக்கும், சர்வர் எங்கோ இருக்கும். நம் போலீசாரின் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பவர் ஆள்பிடிப்பவர்தான். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், பண ஆட்டங்களை விளம்பரப்படுத்துவோருக்கு 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. “லிங்க்தானே கொடுத்தேன், வயது வந்தவர் அவராக ஆடினார்” என்ற வாதமும் நிற்காது. தன் பங்கை மறைத்தவர், அடுத்தவரின் சுயமுடிவைப் பற்றிப் பேசலாமா? தடையால் தொழில் ரகசியக் குழுக்களுக்குள் ஒளியும் என்ற கவலை நியாயமானது. அதனால்தான் யூடியூப், டெலிகிராம் போன்ற தளங்களும், பணம் போய்ச்சேரும் கணக்குகளை வைத்திருக்கும் வங்கிகளும் பதில் சொல்ல வேண்டும்.

பணம் இழந்தவர் முதலில் ஆதாரத்தைச் சேமிக்க வேண்டும்: குறியீட்டோடு கூடிய முழு லிங்க், சேனலின் பெயர், யூபிஐ முகவரி, பரிவர்த்தனை எண். ஜெயித்த பணத்தைத் தர மறுத்தாலோ, ‘வரி கட்டினால் விடுவிப்போம்’ என்றாலோ அது மோசடி. தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைக்க வேண்டும். பணம் கைமாறிக்கொண்டே போவதால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். பந்தயத்தில் ஜெயித்ததைக் கேட்டு நீதிமன்றம் போக மட்டும் வழியில்லை, 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் பந்தய ஒப்பந்தங்களைச் செல்லாதவை என்கிறது. புகார் கொடுத்தால் நாமே மாட்டுவோமோ என்ற பயம்தான் ஆள்பிடிப்பவரின் பெரிய கவசம். மத்திய அரசின் இணைய விளையாட்டுச் சட்டம் ஆடியவரைத் தண்டிப்பதில்லை. ஆனால் தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டத்தில் சூதாடுபவருக்கும் 3 மாதம் வரை சிறை உண்டு. தயக்கம் இருந்தால் 15100இல் இலவசச் சட்ட உதவி கேட்டுவிட்டுப் புகார் எழுதலாம்.