உண்ண மறுக்கும் குழந்தை

பகற்பொழுதில் நம் கிராமத் தெருக்களில் அடிக்கடி காணும் காட்சி இது. சோற்றுக் கிண்ணத்துடன் தாய் பின்தொடர, இரண்டு வயதுக் குழந்தை வாயை இறுக மூடிக்கொண்டு ஓடுகிறது. 'பூச்சாண்டி வருகிறான்' என்ற மிரட்டலும், 'இந்த ஒரு வாய் மட்டும்' என்ற கெஞ்சலும் மாறி மாறிக் கேட்கின்றன. முடிவில் குழந்தையின் அழுகையும் தாயின் கவலையுமே மிஞ்சுகின்றன.

இக்கவலை பெரும்பாலும் தேவையற்றது. பிறக்கும்போது ஏறத்தாழ 3 கிலோ எடையுள்ள குழந்தை, ஓராண்டில் மும்மடங்கு எடை பெறுகிறது. அதன் பின்னரோ ஆண்டொன்றுக்கு 2 கிலோ அல்லது சற்று அதிகமே கூடுகிறது. வளர்ச்சியின் வேகம் தணியவே பசியும் தணிகிறது. இது நோயன்று, இயற்கை.

புதிய உணவைக் கண்டு தயங்குவதும் இப்பருவத்தின் இயல்பே. முருங்கைக்கீரையை ஒரு முறை துப்பியதும், அது குழந்தைக்குப் பிடிக்காது என முடிவு செய்யலாகாது. வெவ்வேறு நாட்களில் பத்து முறையேனும் சிறிதளவு வைத்துப் பார்த்தல் வேண்டும். விதைத்த மறுநாளே முளையைக் காணோமென்று மண்ணைக் கிளறும் உழவர் உண்டோ?

அழும் குழந்தையின் வாயில் உணவைத் திணித்தால் புரையேறி மூச்சுத் திணறக்கூடும். நாளடைவில் உணவு வேளை என்றாலே குழந்தை அஞ்சத் தொடங்கும்.

ஆகவே, எதை, எப்போது அளிப்பது என்பது பெரியோர் பொறுப்பு. எவ்வளவு உண்பது என்பதைக் குழந்தைக்கே விட்டுவிட வேண்டும். நாளொன்றுக்கு மூன்று வேளை உணவும் இடையே இரண்டு சிற்றுண்டிகளும் போதும். மற்ற நேரங்களில் பிஸ்கட், மிட்டாய், தேநீர் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். மிகுதியான பாலும் பசியைக் கெடுக்கும். குடும்பத்தாருடன் அமர்த்தித் தனித்தட்டில் பருப்புச் சோறு, முட்டை, மசித்த பயறு, வாழைப்பழம் என ஏதேனும் சிறிதளவு வைத்து, தன் கையாலேயே உண்ண விடுங்கள். சிந்தினால் கடிந்துகொள்ள வேண்டாம். அரை மணி நேரத்திற்குப் பின் மிஞ்சியதை ஒன்றும் சொல்லாமல் எடுத்துவிடலாம்.

குழந்தையின் நலத்தைக் காட்டுவது தட்டன்று, தராசு. எடை கூடாதிருத்தல், உடல் வெளுத்தல், விழுங்குவதில் துன்பம், ஓயாத வயிற்றுப்போக்கு ஆகியவை தென்பட்டால், தாமதியாது ஆரம்ப சுகாதார நிலையத்தை நாட வேண்டும். குடற்புழுவும் இரத்தசோகையும் பசியைக் குறைக்கக்கூடியவை.

1975-ஆம் ஆண்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின்கீழ் இயங்கும் அங்கன்வாடிகளில் குழந்தைகளின் எடையைப் பார்த்துப் பதிவு செய்கின்றனர். எடைக்கருவி செம்மையாக உள்ளதா, நடவு, அறுவடைக் காலங்களில் எந்த வீட்டுக் குழந்தையேனும் விடுபட்டதா என்பவற்றைப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் விசாரித்தறிதல் நலம்.

குழந்தைக்கு உணவூட்டுவது தாயின் கடமை மட்டுமன்று. வயலிலிருந்து திரும்பும் தந்தை, குழந்தையை அருகில் அமர்த்தி உடன் உண்ணட்டும். மிரட்டலால் இறங்காத உணவு, அவரைப் பார்த்து உண்ணும் ஆசையால் தானே இறங்கும்.