சுற்றுலா வரும்முன் பட்டா வரட்டும்

நலிந்துவரும் சிற்றூர்களுக்கு இயற்கைச் சுற்றுலா புத்துயிர் அளிக்கும் என்று அரசின் திட்ட அறிக்கைகளும் தனியார் விளம்பரங்களும் ஒரே குரலில் சொல்கின்றன. மலையேற்றப் பாதை, பறவை நோக்கல், படகுச் சவாரி, ஹோம்ஸ்டே எனப் பட்டியல் நீள்கிறது. இந்த வாதத்தை நாம் முற்றாக மறுக்க வேண்டியதில்லை. ஆனால் இவ்வறிக்கைகள் சொல்லும் ‘ஊர்’ என்பதற்குள் சேரி அடங்குகிறதா என்று கேட்டாக வேண்டும்.

ஹோம்ஸ்டே நடத்தக் கழிப்பறையுடன் கூடிய ஓர் உபரி அறை வேண்டும். அது யாரிடம் இருக்கிறது? மேலும், சுற்றுலா என்பது விருந்தினருக்குச் சோறும் தண்ணீரும் தரும் தொழில். தீண்டாமை மிக ஆழமாக வேரூன்றிய இடமும் அதே சோறும் தண்ணீரும்தான். உணவகம், விடுதி, கிணறு, குளம் ஆகியவற்றில் பாகுபாடு கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு பெயர் சொல்லியே தடுப்பது தற்செயல் அன்று.

தேக்கடியின் அனுபவம் இங்கே கவனிக்கத்தக்கது. உலக வங்கி நிதியுடன் 1996 முதல் பெரியாறு புலிகள் காப்பகத்தில் நடந்த சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின்போது, வயணப்பட்டை உரித்துக் கடத்தி வழக்குகளைச் சந்தித்தவர்களைக் கொண்டே ஒரு சூழல் மேம்பாட்டுக் குழு அமைக்கப்பட்டது. காட்டின் ஒவ்வொரு தடத்தையும் அறிந்த அவர்கள் பயணிகளுக்கு வழிகாட்டிகளாகவும் காட்டின் காவலர்களாகவும் மாறினர். மன்னான், பளியர் பழங்குடியினரும் தமக்கான குழுவின் வழியே மலையேற்றம் நடத்துகின்றனர். வருவாய் இடைத்தரகரிடம் போகாமல் உழைப்பவரிடம் வந்தது; இது சிறிய செய்தியன்று.

எனினும் ஒரு வழக்கறிஞராக எனக்கு இதில் ஓர் உறுத்தல் உண்டு. இத்தகைய குழுக்கள் வனத்துறையின் ஆணையால் பிறந்தவை. ஆணையால் பிறந்ததை இன்னோர் ஆணையால் கலைத்துவிடலாம். சட்டத்தால் ஏற்கப்பட்ட உரிமையை அப்படிக் கலைக்க இயலாது.

அந்த உரிமைக்கான வாயில் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம். இதன்கீழ் வழங்கப்படும் நில உரிமை வாரிசுகளுக்குச் செல்லும். ஆனால் பிறருக்கு விற்க முடியாது. எந்த ரிசார்ட் உரிமையாளரும் அதை விலைபேச முடியாது. உரிமைகளைச் சரிபார்த்து முடிக்கும்வரை எவரையும் வெளியேற்றலாகாது என்கிறது பிரிவு 4(5). பள்ளி, குடிநீர், சாலை உள்ளிட்ட 13 வகைப் பொதுவசதிகளுக்காகச் சிறிதளவு வனநிலத்தை மாற்றித்தரப் பிரிவு 3(2) இடமளிக்கிறது. அந்தப் பட்டியலில் சுற்றுலா இல்லை.

தலித்துகளுக்கான முட்டுக்கட்டையும் இதே சட்டத்தில்தான் இருக்கிறது. பழங்குடியினர் 13.12.2005க்கு முன்பிருந்து வனநிலத்தில் இருந்ததைக் காட்டினால் போதும். காட்டோரத் தலித் குடும்பங்களோ ‘பிற மரபுவழி வனவாசிகள்’ என்ற வகையில் சேர்க்கப்படுவதால், அந்நாளுக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அங்கு வசித்ததை மெய்ப்பிக்க வேண்டும். எழுத்தே மறுக்கப்பட்டவர்களிடம் முக்கால் நூற்றாண்டுக் காகிதத்தைக் கேட்கும் சட்டம் இது! பல மனுக்கள் இங்கேயே மடிகின்றன. ஆனால் காகிதம் ஒன்றே சான்று என்று விதிகள் சொல்லவில்லை. மனுதாரர் அல்லாத முதியோரின் எழுதிவைக்கப்பட்ட வாக்குமூலம், பழைய கிணறு, சுடுகாடு, வழிபாட்டிடம் ஆகியவற்றையும் 13ஆம் விதி சான்றாக ஏற்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட சான்றுகள் இருந்தால் போதும். குறிப்பிட்ட ஓர் ஆவணத்தைத்தான் கொண்டுவர வேண்டும் என்று குழுக்கள் வற்புறுத்தவும் முடியாது. 75 ஆண்டு என்பது வசிப்புக்கான கணக்கே தவிர, அதே நிலத்தை அத்தனை ஆண்டுகள் உழுததற்கான கணக்கன்று என்று பழங்குடியினர் நலத்துறை அமைச்சகமே விளக்கியிருக்கிறது.

காட்டைவிட்டுக் கடற்கரைக்கு வந்தால் சிக்கல் வேறு வடிவம் கொள்கிறது. செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் பறையர் மக்களின் நிலை குறித்து எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் பஞ்சமி நிலங்கள் வழங்கப்படலாயின. முதல் 10 ஆண்டுகள் விற்கக் கூடாது; அதன்பின் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம்; மீறினால் அரசு மீட்டுக்கொள்ளும். இந்த நிபந்தனைகள் இன்றும் உயிருடன் உள்ளன. அதே செங்கல்பட்டின் கரையோரத்தில்தான் இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையின் ரிசார்ட்டுகள் அணிவகுக்கின்றன. சுற்றுலா முதலில் உயர்த்துவது கூலியை அன்று, நிலத்தின் விலையை. விலை ஏறும்போது மோசடிப் பத்திரங்களும் பெருகும். கர்நாடகம் 1978இலேயே இத்தகைய விற்பனைகளைச் செல்லாதவையாக்கத் தனிச்சட்டம் இயற்றியது. 1984இல் மஞ்சேகவுடா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. தமிழ்நாட்டில் அப்படியொரு தனிச்சட்டம் இன்னும் கோரிக்கையாகவே நிற்கிறது.

இருக்கும் கருவிகளையேனும் நாம் பயன்படுத்த வேண்டும். பட்டியல் சாதியினர் மற்றும் பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(f), பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்ட நிலத்தை முறைகேடாக வசப்படுத்துவதைக் குற்றமாக்குகிறது. வன உரிமையையோ நீர் உரிமையையோ அனுபவிக்கவிடாமல் தடுப்பது 3(1)(g)யின்கீழ் குற்றம். விடுதிக்காகப் பொதுக்குளத்தின் பாதையைத் தலித்துகளுக்கு அடைத்தால் 3(1)(za) பொருந்தும். கடமை தவறும் அரசு ஊழியர் மீது பிரிவு 4 பாயும்.

எனவே, ஓர் ஊரில் சுற்றுலாத் திட்டம் பற்றிய பேச்சு எழுந்தவுடன் செய்யவேண்டிய முதல் வேலை திட்ட அறிக்கையைப் படிப்பதன்று. அவ்வூரின் ‘அ’ பதிவேட்டையும் பழைய நில ஒப்படைப்புப் பதிவுகளையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெறுவதே. காட்டோர ஊர்களில் கல்லூரி மாணவர்கள் ஒரு விடுமுறையில் செய்யக்கூடிய பணியும் உண்டு: எண்பது வயதைக் கடந்தவர்களிடம் அமர்ந்து, கிணற்றை வெட்டியவர் யார், சுடுகாட்டில் முதலில் புதைக்கப்பட்டவர் யார் என்று கேட்டு எழுதி, அவர்களின் கைரேகையுடன் கிராம சபையில் ஒப்படைப்பது.