திமிங்கலத்தின் வயிற்றில் ஒரு கதவு

எலும்பிலிருந்து சதையைத் துணுக்கு விடாமல் பிரிக்க வேண்டும். எலும்பில் ஒரு கீறல்கூட விழக்கூடாது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இந்த நுணுக்கமான வேலையை யார் செய்கிறார்கள் தெரியுமா? வண்டுகள்! டெர்மெஸ்டிஸ் என்பது அவற்றின் பெயர். செத்த பறவையைத் தோலுரித்துக் காயவைத்து வண்டுப் பெட்டிக்குள் விட்டால் போதும். புழுவும் வண்டுமாகச் சேர்ந்து சதையை மட்டும் தின்று தீர்த்து, எலும்புக்கூட்டைப் பளிச்சென்று திருப்பித் தரும். ஆனால் இதே வண்டு பெட்டியிலிருந்து தப்பினால் போச்சு, பாடம் செய்து வைத்த தோலையும் இறகையும் மேய ஆரம்பித்துவிடும். அதனால் அவற்றுக்குப் பலத்த காவல்!

இதை அக்கா பிள்ளைகளிடம் சொன்னேன். டைனோசரைப் பார்க்கக் கிளம்பிய பட்டாளம் அங்கேயே திசை மாறிவிட்டது. "மாமா, முதல்ல உள்ளே போகலாம்!" என்றாள் ஒன்பது வயதுக்காரி. பன்னிரண்டு வயது அண்ணனுக்கும் அதே அவசரம். நல்லவேளை, உள்ளே அழைத்துப்போகும் சுற்றுக்கு முன்கூட்டியே பதிவு செய்திருந்தேன்.

1881-இல் திறந்த கட்டடம் அது. சுட்ட களிமண்ணால் இழைத்த சுவர்களில் குரங்குகள் தாவி ஏறுகின்றன. கிழக்குப் பக்கம் அழிந்துபோன உயிர்களின் சிற்பங்கள், மேற்குப் பக்கம் இன்றும் வாழ்கிறவை. அதற்கே ஒரு முழு நாள் வேண்டும். ஆனால் அருங்காட்சியகத்திடம் இருப்பவை சுமார் 8 கோடி மாதிரிகள். கூடத்தில் நாம் பார்ப்பது அதில் கடுகளவு. மிச்சமெல்லாம் எங்கே? கதவுகளுக்குப் பின்னால்!

அந்தக் கதவு திறந்ததும் முதலில் முகத்தில் அடித்தது குளிர். டார்வின் மையம் என்ற பகுதியில் ஆல்கஹாலில் ஊறும் உயிரினங்கள் மட்டும் 2 கோடியே 20 லட்சம். ஆல்கஹால் ஆவி தீப்பற்றிவிடக் கூடாது என்பதால்தான் அந்தக் குளிர். அலமாரித் தட்டுகளை வரிசையாக நீட்டிப் போட்டால் 27 கிலோமீட்டர். சென்னைக் கடற்கரை நிலையத்தில் ரயிலேறினால் ஏறக்குறைய தாம்பரம் வந்துவிடும்! தட்டு முழுக்கக் கண்ணாடிக் குப்பிகள். மீன், பாம்பு, வௌவால், பெயர் தெரியாத ஏதேதோ கொடுக்குகள். பெரும்பாலானவை நிறம் வெளுத்துப்போனவை, ஆல்கஹால் நிறத்தை உறிஞ்சிவிடும். வெளுத்திருந்தாலென்ன, ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் எங்கோ நீந்தியதும் பறந்ததும்தானே! எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"இங்கே எல்லாமே செத்துப்போனதுதானா?" என்று சின்னவள் கேட்டாள். அந்தக் கேள்விக்கென்றே ஒரு கதை இருக்கிறது. எகிப்துப் பாலைவனத்து நத்தை ஒன்றை, செத்துவிட்டது என்று நினைத்து, 1846-இல் அட்டையில் ஒட்டிக் காட்சிக்கு வைத்தார்கள். அப்போது இந்தச் சேகரமெல்லாம் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்தது. நான்கு வருடம் கழித்து, 1850-இல், அட்டையில் ஏதோ கசிந்த தடத்தை ஒருவர் கவனித்தார். நத்தையை எடுத்து வெதுவெதுப்பான நீரில் போட்டார்கள். ஓட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டியது! மழை வரும்வரை ஓட்டை மூடிக்கொண்டு உறங்குவது அந்த நத்தையின் வழக்கமாம். கதை முடியவும், சின்னவள் ஒவ்வொரு குப்பியையும் புதுச் சந்தேகத்தோடு உற்றுப் பார்க்கத் தொடங்கினாள்.

பிறகு தொட்டி அறை. அங்கேதான் ஆர்ச்சி!

ஆர்ச்சி ஒரு ராட்சதக் கணவாய். நீளம் 8.62 மீட்டர். 2004-இல் ஃபாக்லாந்து தீவுகளுக்கு அருகே ஒரு மீன்பிடிக் கப்பலின் வலையில் சிக்கி, உறைந்த கட்டியாக லண்டன் வந்து சேர்ந்தது. இதை எப்படி உருக்குவது? வீட்டு ஃப்ரீசரில் வைத்த பெரிய மீனை எடுத்து வெளியே வைத்தால் வால் தொளதொளத்துப்போகும், நடுமுள் இன்னும் கல்லாக இருக்கும். அதே தொல்லைதான், அளவு மட்டும் பூதாகாரம். கணவாயின் உடல் தடிமன், கைகளோ மெல்லியவை. உடல் இளகுவதற்குள் கைகள் அழுகிவிடும். ஆகவே உடல்மேல் தண்ணீரும் கைகள்மேல் பனிக்கட்டியுமாக, நான்கு நாள் பக்கத்திலேயே இருந்து உருக்கினார்கள். இப்போது நீளமான ஒரு தொட்டிக்குள் கைகளை நீட்டிப் படுத்திருக்கிறது.

"நாறுச்சா?" இது அண்ணன். "யாராவது ஒரு துண்டு தின்னு பார்த்தாங்களா?" இது தங்கை. வழிகாட்டி சிரிக்கவில்லை, அக்கறையாகப் பதில் சொன்னார். ராட்சதக் கணவாயின் சதையில் அம்மோனியம் உப்பு நிறைய. கடல்நீரைவிட லேசானது என்பதால் அது உடலை மிதக்கவைக்கும். ஆனால் வாயில் வைக்க விளங்காது. ஆக, இரண்டு கேள்விக்கும் ஒரே வேதியியல்தான் பதில்! ஆர்ச்சி என்ற பெயர் ஆர்கிடியூதிஸ் என்ற அறிவியல் பெயரிலிருந்து வந்தது. வைத்த பிறகுதான் தெரிந்ததாம், அது பெண். "அப்போ அவள்னு சொல்லணும்" என்று சின்னவள் உடனே திருத்தினாள்.

குழந்தைகளுக்கு டைனோசர் போதும், உள்ளறைகள் பெரியவர்களுக்கு என்று நாமாகவே ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறோம். எனக்கு அதில் கொஞ்சமும் சம்மதமில்லை. நாறுமா, அழுகுமா, எப்படித் தூக்கினீர்கள், உள்ளே என்ன இருந்தது? பிள்ளைகள் கேட்ட இந்தக் கேள்விகளோடுதான் அங்கே வேலை செய்கிறவர்கள் தினமும் மல்லுக்கட்டுகிறார்கள்.

ஆர்ச்சி இருக்கும் அதே அறையில், பீகிள் கப்பல் பயணத்தில் டார்வின் தம் கையால் பிடித்தவையும் குப்பிக்குள் இருக்கின்றன. வேறோர் அறையில், ஹான்ஸ் ஸ்லோன் என்பவர் சேர்த்த உலர்தாவரங்கள், 265 பெரிய தொகுதிகளில். அவற்றுள் சென்னைச் செடிகளும் உண்டு! 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் புனித ஜார்ஜ் கோட்டையில் மருத்துவராக இருந்த சாமுவேல் பிரவுன், சுற்றுவட்டாரத்தில் செடிகளைச் சேகரித்து, அவற்றின் தமிழ்ப் பெயர்களையும் கேட்டுக் குறித்து அனுப்பினார். நம் ஊர் வேலியோரத்துச் செடி முந்நூறு வருடத்துக்கு மேலாக அங்கே காய்ந்த இலையாகப் பத்திரமாக இருக்கிறது. நினைத்தாலே சிலிர்க்கிறது.

மறுபடி கூடத்துக்கு வந்தபோது எல்லாமே வேறாகத் தெரிந்தது. தலைக்கு மேலே ஹோப் என்ற நீலத் திமிங்கலத்தின் எலும்புக்கூடு, 25.2 மீட்டர், நாலரை டன். 1891-இல் அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்டில் கரையொதுங்கியது. எலும்பைத்தான் எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். ஆனால் ரகசியம் அதன் வாய்ச் சல்லடையில் இருந்தது. அதுவும் நம் நகத்தைப் போலக் கெரட்டின், வளர்ந்துகொண்டே இருக்கும். எப்போது எந்தக் கடலில் இரை தின்றது என்பதன் தடயம் வளர்ந்த வரிசையிலேயே பதிந்துவிடும். சேமிப்பில் கிடந்த சல்லடையை ஆராய்ந்து, அதன் கடைசி ஏழு வருடப் பயணத்தை அறிவியலாளர்கள் படித்துவிட்டார்கள். இடையே அது ஒரு குட்டிக்குத் தாயாகவும் இருந்திருக்கலாமாம்!

இன்னொரு கூடத்தில் எலும்பல்ல, முழு உருவ நீலத் திமிங்கலமே இருக்கிறது. மரச்சட்டம், கம்பி வலை, மேலே சாந்து. 1938-இல் அதே கூடத்துக்குள்ளேயே கட்டி முடித்தது. வயிற்றில் ஒரு சிறு கதவு வைத்திருந்தார்களாம். வேலையாட்கள் அதன் வழியே நுழைந்து உள்ளே உட்கார்ந்து திருட்டுத்தனமாகப் புகைபிடிப்பார்களாம். கதவை நிரந்தரமாக மூடுமுன், ஒரு டெலிபோன் டைரக்டரியையும் சில காசுகளையும் உள்ளே போட்டார்கள் என்று சொல்கிறார்கள்.

"எந்த இடத்துல மாமா கதவு?"

நான் பதில் சொல்லுமுன் இரண்டு பேரும் தரையோடு தரையாகக் குனிந்து, வயிற்றின் அடியில் விளிம்பு தேடத் தொடங்கிவிட்டார்கள். பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரின் பிள்ளையும் சேர்ந்துகொண்டது. அப்புறம் நானும்.