சுருக்கம் நீக்கும் ஊசியா? முதலில் குப்பியைக் காட்டச் சொல்லுங்கள்

சென்னை, கோவை, மதுரை என எந்த நகரத்துக்குப் போனாலும் ஸ்கின் கிளினிக் பலகைகளில் பொட்டாக்ஸ் என்ற பெயர் கண்ணில் படுகிறது. சில அழகு நிலையங்களும் ஃபேஷியல், த்ரெடிங் வரிசையில் இதையும் சேர்த்துக்கொண்டுவிட்டன. கல்யாண மாதம் வந்தால் தள்ளுபடி வேறு. நெற்றிக் கோடுகள் மறைய வேண்டும் என்று ஒருவர் ஆசைப்படுவதில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் இது அழகுசாதனப் பொருள் அல்ல, மருந்து. யார் போடுகிறார், எந்தக் குப்பியிலிருந்து எடுக்கிறார் என்ற இரண்டையும் தெரிந்துகொள்ளாமல் முகத்தைக் கொடுக்கக் கூடாது.

ஊசிக்குள் இருப்பது என்ன?

கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியா உண்டாக்கும் நச்சுப் புரதம்தான் இதன் மூலப்பொருள். சரியாகப் பதப்படுத்தாத டப்பா உணவைச் சாப்பிட்டு உடல் செயலிழக்கும் பொட்டுலிசம் நோய்க்குக் காரணமும் இதே நச்சுதான். நரம்பு முனையிலிருந்து அசிட்டைல்கோலின் வெளிவருவதை இது தடுக்கிறது. தசை சுருங்குவது குறைகிறது. அதன் மேலுள்ள தோலில் மடிப்பு விழுவதும் குறைகிறது. புருவங்களுக்கு நடுவே விழும் கோடுகளுக்கு இதைப் பயன்படுத்த அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2002-இல் அனுமதி அளித்தது.

பலன் சில நாட்களில் தெரியத் தொடங்கி, இரண்டு வாரங்களில் முழுமையாகும். மூன்று நான்கு மாதங்களில் மறைந்துவிடும். எனவே முகூர்த்தத்துக்கு முந்தைய வாரம் ஊசி போட்டுக்கொள்ள ஓடாதீர்கள். ஒரு மாதமாவது இடைவெளி இருக்கட்டும்.

இன்னொன்றையும் பலர் அறிவதில்லை. கன்னத்தையும் உதட்டையும் நிரப்பப் போடும் ஹயலூரானிக் அமில ஃபில்லர் தவறாகிப்போனால் அதைக் கரைக்க ஹயலூரானிடேஸ் ஊசி இருக்கிறது. பொட்டாக்ஸ் தவறான தசைக்குப் பரவி இமை தொங்கினால், அதை உடனே பழையபடி ஆக்கும் ஊசி கிடையாது. மருந்தின் வேகம் தணியும்வரை வாரக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டியதுதான்.

போடுபவர் யார்?

தோல் மருத்துவத்தில் எம்.டி. அல்லது டிப்ளமோ முடித்தவர்களும், பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். முடித்தவர்களும் முகத் தசைகளை முறையாகப் படித்தவர்கள். சுவரில் மாட்டியிருக்கும் பயிற்சிச் சான்றிதழ்களைப் பார்த்து மயங்க வேண்டாம். இரண்டு நாள் வகுப்புக்குப் போனாலும் சான்றிதழ் கிடைக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது மருத்துவரின் பதிவு எண்ணை. ஒவ்வொரு மருத்துவரும் தன் பதிவு எண்ணை கிளினிக்கிலும் மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் குறிப்பிட வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க நெறி விதிகள் சொல்கின்றன. அந்த எண்ணைத் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலின் பதிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கிளினிக்குக்கும் மாநில மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி பதிவு வேண்டும்.

சில இடங்களில் ஆலோசனை சொல்பவர் மருத்துவர், ஊசியோடு வருபவர் வேறு யாரோ. "டாக்டர், நீங்களேதான் போடுவீர்களா?" என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். முதல் சந்திப்பிலேயே பணம் கட்டச் சொல்லி நெருக்கும் இடம் எனக்குச் சரியாகப் படவில்லை. நல்ல மருத்துவர் உங்களைச் சிரிக்கச் சொல்வார், புருவத்தை நெரிக்கச் சொல்வார், சில வேளை "உங்களுக்கு இது தேவையில்லை" என்றும் சொல்லி அனுப்புவார்.

குப்பியும் யூனிட்டும்

விலை மலிவாக இருந்தால், சந்தேகம் முதலில் குப்பியின் மேல்தான் விழ வேண்டும். மூடிய குப்பியை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். பெயர், தயாரிப்பாளர், பேட்ச் எண், காலாவதித் தேதி நான்கையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டிய மருந்து இது. பொடியாக வருவதை உப்புநீரில் கரைத்த பிறகு 24 மணி நேரத்துக்குள், ஒரே நோயாளிக்குப் பயன்படுத்த வேண்டும் என்பது பொட்டாக்ஸ் தயாரிப்பாளரின் அறிவுறுத்தல். போன வாரம் வேறு யாருக்கோ கரைத்த மிச்சம் உங்கள் நெற்றிக்கு வரக் கூடாது.

யூனிட் கணக்கிலும் ஏமாற இடம் உண்டு. புருவ நடுக் கோடுகளுக்குப் பொட்டாக்ஸ் என்றால் வழக்கமாக 20 யூனிட். டிஸ்போர்ட் என்ற இன்னொரு பிராண்ட் என்றால் 50 யூனிட். இரண்டின் யூனிட்டும் ஒன்றல்ல. பிராண்டைச் சொல்லாமல் "யூனிட்டுக்கு இவ்வளவு" என்று மட்டும் பேசும் இடத்தில் விலையை ஒப்பிடவே முடியாது. எந்த பிராண்ட், எத்தனை யூனிட், எந்த இடத்தில் என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள்.

அயலில் நடந்தது

2004-இல் ஃபுளோரிடாவில் மனிதருக்குப் போட அனுமதியில்லாத, வீரியம் மிகுந்த நச்சைச் செலுத்தியதால் நான்கு பேர் பொட்டுலிசத்தில் விழுந்தார்கள். ஊசி போட்ட மருத்துவரும் அவர்களில் ஒருவர். 2023 இறுதியிலிருந்து 2024 தொடக்கம்வரை அமெரிக்காவின் 11 மாநிலங்களில் 22 பெண்கள் போலியான அல்லது முறைகேடாகக் கையாளப்பட்ட ஊசிகளால் பாதிக்கப்பட்டனர். 11 பேர் மருத்துவமனையில் சேர வேண்டியதாயிற்று. பயிற்சியோ உரிமமோ இல்லாதவர்களிடம், அல்லது வீடு, ஸ்பா போன்ற இடங்களில் போட்டுக்கொண்ட ஊசிகள் அவை. அவ்வளவு கட்டுப்பாடுள்ள நாட்டிலேயே போலிக் குப்பி நுழைகிறது என்றால், நாம் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும்.

நீங்கள் மறைக்கக் கூடாதவை

கர்ப்பம், தாய்ப்பால் கொடுப்பது, மயஸ்தீனியா கிராவிஸ் போன்ற நரம்பு–தசை நோய், ஊசி போடும் இடத்தில் சீழ் அல்லது தொற்று: இவற்றில் ஏதாவது இருந்தால் ஊசியைத் தவிர்க்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும், ஜென்டாமைசின் வகை ஆன்டிபயாட்டிக் எடுப்பவர்களும் அதை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். இவற்றையெல்லாம் கேட்காமலே ஊசியை எடுக்கும் கிளினிக்கிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். கட்டிய முன்பணம் போனாலும் பரவாயில்லை.

கோளாறு தெரிந்தால்

லேசான தலைவலி, ஊசி இறங்கிய இடத்தில் சிறு ரத்தக்கட்டு ஆகியவை தானே சரியாகும். இமை தொங்கினால் போட்ட மருத்துவரிடம் போங்கள். ஆனால் விழுங்க முடியாமல் போவது, பேச்சு குழறுவது, பார்வை இரண்டாகத் தெரிவது, மூச்சு முட்டுவது இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கிளினிக்குக்கு போன் செய்து காத்திருக்காதீர்கள். ஊசி போட்டுப் பல நாட்கள், வாரங்கள் கழித்தும் இவை வரலாம். உடனே 108-ஐ அழைத்து, பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். பொட்டுலினம் ஊசி போட்டிருக்கிறேன் என்று முதல் வார்த்தையாகச் சொல்லி, நீங்கள் எடுத்து வைத்த குப்பியின் படத்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.