100 கோடி டாலரா, 1.9 கோடி பவுண்டா?

எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் வழக்கில் இலங்கை உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 24 அன்று தீர்ப்புச் சொன்னதிலிருந்து வாசகர் கடிதங்களில் ஒரே கேள்வி பல உருவங்களில் வருகிறது. ஓராண்டுக்குள் 100 கோடி டாலர் கட்ட வேண்டும், முதல் தவணையாக 25 கோடி டாலரைச் செப்டம்பர் 23க்குள் தர வேண்டும் என்று கொழும்பு நீதிமன்றம் கெடு வைத்தது. கப்பல் நிறுவனமோ கட்ட மாட்டோம் என்று சொல்லிவிட்டது. அதே விபத்துக்கு லண்டன் கடல்சார் நீதிமன்றம் 2023 ஜூலையில் ஓர் ஆணை கொடுத்திருந்தது. அதன்படி உரிமையாளரின் பொறுப்பு ஏறத்தாழ 1.9 கோடி பவுண்டோடு முடிந்துவிடுகிறது. ஒரு தொகை மற்றொன்றைப் போல ஏறக்குறைய நாற்பது மடங்கு. கப்பலில் தீப்பிடித்த கதையையும், பிளாஸ்டிக் குருணை கரையெல்லாம் ஒதுங்கிய கதையையும் நான்கு ஆண்டுகளாகப் படித்திருக்கிறோம், அவற்றைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. இந்த 1.9 கோடி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

கடல்வழி உரிமைகோரல்களில் பொறுப்பை வரம்பிடும் 1976ஆம் ஆண்டு ஒப்பந்தமும் அதன் 1996ஆம் ஆண்டு நெறிமுறையும்தான் ஊற்றுக்கண். பாதிக்கப்பட்டவருக்கு உறுதியான இழப்பீடு, உரிமையாளருக்கு முன்கூட்டியே தெரிந்த பொறுப்பு என்று இதை அதிகாரபூர்வமாக விளக்குவார்கள். இரண்டாவது பாதி முழுக்க உண்மை. முதல் பாதியை நம்புவதற்கு முன் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. 2015 முதல் நடப்பிலுள்ள அளவுப்படி, உயிரிழப்பு தவிர்த்த மற்ற இழப்புகளுக்கு, முதல் 2,000 டன் வரையான கப்பலுக்கு 15.1 லட்சம் எஸ்.டி.ஆர். (எஸ்.டி.ஆர். என்பது பன்னாட்டு நிதியம் வைத்திருக்கும் கணக்குப் பணம், விபத்து நடந்த காலத்தில் ஏறக்குறைய ஒரு பவுண்டுக்குச் சமம்.) அதற்கு மேல் 30,000 டன் வரை டன்னுக்கு 604, பிறகு 70,000 டன் வரை டன்னுக்கு 453, அதற்கும் மேலே 302. எக்ஸ்பிரஸ் பேர்லின் மொத்த டன் அளவு சுமார் 31,600. முதல் படிக்கு 15.1 லட்சம், அடுத்த 28,000 டன்னுக்கு 1 கோடியே 69 லட்சம், மிச்சமிருக்கும் 1,600 டன்னுக்கு 7 லட்சத்துச் சொச்சம். கூட்டினால் 1 கோடியே 91 லட்சம். லண்டன் சொன்ன தொகை கிட்டத்தட்ட இதுதான். இந்தக் கூட்டலில் செத்து ஒதுங்கிய நானூற்றுக்கும் மேற்பட்ட கடலாமைகள் எங்குமே வரவில்லை. கப்பலில் இருந்த 25 டன் நைட்ரிக் அமிலமும் 1,680 டன் பிளாஸ்டிக் குருணையும் மாதக்கணக்கில் வலை வீச முடியாமல் போன நீர்கொழும்பு மீனவர்களும் வரவில்லை. கப்பல் முழுக்க வாழைப்பழம் ஏற்றியிருந்தாலும் விடை இதேதான். போதாக்குறைக்கு, இந்த ‘மொத்த டன்’ எடையையே குறிப்பதில்லை. கப்பலின் மூடிய அறைகளின் கொள்ளளவிலிருந்து வரும் எண் அது. லாரி மோதி வீடு இடிந்தால், வீட்டை விட்டுவிட்டு லாரியின் பெட்டியை அளந்து நஷ்டஈடு தருவது போன்ற வேலை.

அந்தப் படிக்கட்டில் இன்னொரு விசித்திரம் உண்டு, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. கப்பல் பெரிதாகப் பெரிதாக டன்னுக்கான தொகை குறைகிறது. கடந்த இருபது ஆண்டுகளில் கன்டெய்னர் கப்பல் தொழில் போன திசையோ பெரிய கப்பலை நோக்கித்தான். எக்ஸ்பிரஸ் பேர்ல் 2,743 இருபதடிப் பெட்டிகள் கொள்ளும் சிறிய ஃபீடர் கப்பல். 2021இல் சூயஸ் கால்வாயை அடைத்துக்கொண்டு நின்ற எவர் கிவன் இருபதாயிரத்துக்கும் அதிகமான பெட்டிகள் கொள்ளும், அதன் மொத்த டன் ஏறத்தாழ 2,20,000. அதே கணக்கைப் போட்டால் வரம்பு சுமார் 8.2 கோடி எஸ்.டி.ஆர். வரும். பெட்டி இடத்துக்கு வகுத்துப் பாருங்கள். சிறிய கப்பலில் ஒரு பெட்டிக்கு ஏறத்தாழ 7,000 எஸ்.டி.ஆர். பொறுப்பு நிற்கிறது, ராட்சதக் கப்பலில் 4,100 கூட இல்லை. அதாவது ஒரே மேலோட்டில் அதிக ஆபத்தைக் குவிக்கிறவருக்குத் தள்ளுபடி. தீப்பிடித்தால் அணைப்பது கடினம், இழுத்துச் செல்வது கடினம், எந்தத் துறைமுகமும் உள்ளே விடத் தயங்கும் என்று கடல்சார் காப்பீட்டுக்காரர்களே அஞ்சும் கப்பல்களுக்குத்தான் இந்தச் சலுகை.

இப்படியொரு ஏற்பாடு எதற்காக வந்தது என்பதற்குப் பழைய நியாயம் ஒன்று இருக்கிறது, அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பாதியில் இங்கிலாந்து நாடாளுமன்றம் முதல் வரம்புச் சட்டத்தை இயற்றியபோது, கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பினால் உரிமையாளருக்கு மாதக்கணக்கில் தகவல் கிடையாது. கண்ணுக்கெட்டாத கடலில் மாலுமிகள் செய்த தவறுக்கு அவருடைய வீடு வாசலையும் பறிப்பது அநியாயம் என்ற வாதத்தில் பொருள் இருந்தது. அமெரிக்காவும் 1851இல் தன் சட்டத்தை எழுதியது. விபத்துக்குப் பின் கப்பலுக்கு என்ன மதிப்பு மிஞ்சியதோ அதுவும், அந்தப் பயணத்தின் வருமானமும்தான் அங்கே எல்லை. டைட்டானிக் உரிமையாளர்கள் மீட்கப்பட்ட பதினான்கு உயிர்காப்புப் படகுகளையும் பயணக் கட்டணத்தையும் காட்டி, பொறுப்பு சுமார் 92,000 டாலர்தான் என்று வாதாடியது அந்தச் சட்டத்தை வைத்துத்தான். 2024இல் பால்டிமோர் பாலத்தை இடித்துத் தள்ளி ஆறு தொழிலாளர்களைப் பலிகொண்ட டாலி கப்பலின் உரிமையாளரும் அதே சட்டத்தின்கீழ் 4.37 கோடி டாலரோடு விட்டுவிடும்படி மனுப் போட்டார். சட்டம் நூற்றாண்டு தாண்டி நிற்கிறது, நியாயம் நிற்கவில்லை. இன்று கப்பலின் வேகம், திசை, எரிபொருள் செலவு எல்லாம் அலுவலகத் திரையில் நேரலையாக ஓடுகிறது. எக்ஸ்பிரஸ் பேர்லில் அமிலப் பெட்டி ஒன்று கசிவது கொழும்பை அடைவதற்கு முன்பே தெரியும். கத்தாரின் ஹமத் துறைமுகத்திலும் குஜராத்தின் ஹஜீராவிலும் அதை இறக்கக் கேட்டோம், மறுத்துவிட்டார்கள் என்று சொன்னதே கப்பலை இயக்கியவர்கள்தான். தெரியாத உரிமையாளரைக் காக்கப் பிறந்த விதி, தெரிந்திருந்த உரிமையாளருக்கும் குடை பிடிக்கிறது.

வரம்பை உடைக்க வழியே இல்லையா என்றால், காகிதத்தில் இருக்கிறது. உரிமையாளர் அந்த இழப்பை விளைவிக்கும் நோக்கத்தோடு, அல்லது அது அநேகமாக விளையும் என்று அறிந்தே பொறுப்பில்லாமல், தானே செய்த செயலாக இருக்க வேண்டும். ‘தானே’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கப்பல் தலைவரின் தவறோ, முகவரின் அலட்சியமோ, சரக்கைச் சரியாகக் கட்டாத ஏற்றுமதியாளரின் பிழையோ கணக்கில் வராது, நிறுவனத்தின் உச்சியில் இருப்பவரே அறிந்து செய்தார் என்று பாதிக்கப்பட்டவர் நிரூபிக்க வேண்டும். ஒப்பந்தத்தைப் பராமரிக்கும் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பே இது கிட்டத்தட்ட உடைக்க முடியாத ஏற்பாடு என்று குறை சொல்லும் தொனியே இல்லாமல் விவரிக்கிறது. இதில் இன்னொரு சாமர்த்தியம், வழக்கமாகப் பிரதிவாதியாக நிற்க வேண்டியவரே முந்திக்கொண்டு, தனக்குத் தோதான நாட்டில் வரம்பு வழக்கைத் தொடுக்கலாம். இலங்கை நீரில் எரிந்த, சிங்கப்பூர்க் கொடி ஏந்திய கப்பலின் கணக்கு லண்டனில் முடிந்தது இப்படித்தான். அங்கே ஒதுக்கப்படும் நிதியை உரிமை கோரும் எல்லாரும் விகிதப்படி பங்கிட்டுக்கொள்ள வேண்டும். கப்பலில் இருந்த 1,486 பெட்டிகளில் சரக்கை இழந்தவர்களும் அவர்களுக்குப் பணம் கொடுத்த காப்பீட்டு நிறுவனங்களும் மீனவருக்குப் பக்கத்திலேயே அதே வரிசையில் நிற்பார்கள்.

வரம்பை எடுத்துவிட்டால் கப்பலுக்குக் காப்பீடே கிடைக்காது, சரக்குக் கட்டணம் ஏறி அரிசி பருப்பு வரை விலை கூடும் என்பது கப்பல் நிறுவனங்களின் பதில். வலுவான வாதம்தான், ஆனால் நடந்தவை அதற்கு முழுதாக ஒத்துழைக்கவில்லை. உலகக் கப்பல்களின் மொத்த டன் அளவில் சுமார் 90 சதவீதத்துக்குப் பொறுப்புக் காப்பீடு தரும் பன்னிரண்டு பி அண்ட் ஐ கிளப்புகள் கூட்டாக மறுகாப்பீடு வாங்குகின்றன, ஒரு விபத்துக்கு 310 கோடி டாலர் வரை அந்தப் பாதுகாப்பு நீள்கிறது. வாங்கக்கூடிய காப்பீட்டுக்கும் ஒப்பந்தத்தின் வரம்புக்கும் இடையே இவ்வளவு தூரம் இருக்கும்போது, அந்த வரம்புதான் காப்பீட்டின் கடைசி எல்லை என்று சொல்ல முடியாது. எக்ஸான் வால்டெஸ் எண்ணெய்க் கசிவுக்குப் பிறகு 1990இல் அமெரிக்கா எண்ணெய் மாசுக்கான பன்னாட்டு ஏற்பாட்டில் சேராமல் தனிச் சட்டம் போட்டது, வரம்பில்லாப் பொறுப்பை விதிக்க மாநிலங்களுக்கும் வழி விட்டது. இனி டேங்கர்கள் அமெரிக்கா பக்கமே வராது என்று அப்போதும் எச்சரித்தார்கள். டேங்கர்கள் வந்துகொண்டேதான் இருந்தன, அதே சட்டத்தின் கட்டாயத்தால் இரட்டை மேலோட்டோடு. வரம்பு இருப்பதால்தான் பிரீமியம் மலிவு என்ற பதிலில் உண்மை இருக்கிறது. அந்த மலிவின் மறுபாதியைக் கட்டுவது யார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. வரம்பை ஒழிக்க வேண்டியதில்லை. ஏற்றிய சரக்கின் ஆபத்தைப் பார்க்கும் வரம்பாக அதை மாற்றலாம் என்பதே என் வாதம்.

கொழும்புத் தீர்ப்பின் மீது நிறுவனம் வைக்கும் ஆட்சேபத்தில் ஒன்றை நான் ஒதுக்க மாட்டேன். 100 கோடியோடு முடியாமல், பின்னால் கணக்கிடப்படும் சேதத்துக்கும் பொறுப்பு நீள்கிறது. எவ்வளவு என்று தெரியாத கடனைக் கட்டச் சொன்னால் எந்தக் கணக்கரும் தடுமாறுவார். ஆனால், அந்தத் தீர்ப்பு நிற்கும் அடிப்படை வேறு. மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை வைத்து, குடிமக்களின் அடிப்படை உரிமை மனுக்களில் வந்த தீர்ப்பு அது, 1996 நெறிமுறையை இலங்கை ஏற்கவும் இல்லை. தாங்கள் ஏற்கெனவே 17 கோடி டாலர் செலவழித்துவிட்டதாக நிறுவனம் சொல்வதும் கடிதங்களில் குழப்பத்தைக் கூட்டியிருக்கிறது. வரம்பு 1.9 கோடி பவுண்டு என்றால் அவ்வளவு எதற்குச் செலவழித்தார்கள்? அதில் மீனவர்களுக்குக் கொடுத்ததும் கரையைத் துப்புரவு செய்ததும் இருந்தாலும், மூழ்கிய கப்பலை அப்புறப்படுத்தும் பெரும் செலவும் சேர்ந்திருக்கிறது. அந்தச் செலவைப் பல நாடுகள் வரம்புக்கு வெளியே வைத்திருக்கின்றன. தன் கடலடியில் கிடக்கும் இரும்பு என்றால் அரசுகளுக்கு வரம்பு உறுத்துகிறது, மீனவரின் வருமானம் என்றால் உறுத்துவதில்லை.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக. கொழும்புத் தீர்ப்பைக் கொண்டு பணத்தைப் பிடிக்க முடியுமா? நிறுவனத்தின் சொத்து இலங்கைக்குள் இருந்தால் முடியும். சிங்கப்பூரில் இருந்தால் அந்நாட்டு நீதிமன்றத்தைத் தாண்ட வேண்டும், சிங்கப்பூரோ 1996 நெறிமுறையில் இருக்கும் நாடு.

இலங்கை அதிகாரிகள்மீது தவறே இல்லையா? இருக்கிறது, அவர்களுடைய மெத்தனத்தையும் அதே தீர்ப்பு கண்டித்திருக்கிறது.

எண்ணெய்க் கசிவுக்கும் இதே வரம்பா? டேங்கர் எண்ணெய்க்குத் தனி ஒப்பந்தமும் தனி நிதியும் உண்டு, அங்கே நிலைமை எவ்வளவோ மேல்.

அபாயகரமான சரக்குக்கும் அப்படி ஒன்று வரவில்லையா? 1996இல் எழுதி 2010இல் திருத்திய ஒப்பந்தம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை, வந்தாலும் பிளாஸ்டிக் குருணை அதன் பட்டியலில் இல்லை.

2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் மூழ்கிய எம்எஸ்சி எல்சா 3? அதன் பிளாஸ்டிக் குருணை கன்னியாகுமரிக் கரை வரை வந்தது. கேரள அரசு 9,531 கோடி ரூபாய் கேட்டு, விழிஞ்ஞத்தில் நின்ற அதே குழுமத்தின் இன்னொரு கப்பலைச் சிறைபிடிக்க உயர் நீதிமன்ற ஆணை வாங்கியது. நீதிமன்றம் பின்னர் பிணைத்தொகையை 1,227 கோடியாகக் குறைத்தது. இலங்கையைப் போலன்றி, இந்தியா அந்த 1996 நெறிமுறையில் 2011இலேயே சேர்ந்துவிட்டது.