அல்டிமேக்ஸ் ஏன் தோளை உதைப்பதில்லை?

தேசிய சேவை முடித்த அண்ணன்மாரைக் கேட்டால், அல்டிமேக்ஸ் 100 இயந்திரத் துப்பாக்கி தோளை அதிகம் உதைக்காது என்பார்கள். இத்தனைக்கும் அதன் எடை 5 கிலோவுக்கும் குறைவு.

குண்டு வெடித்ததும் துப்பாக்கிக்குள் இருக்கும் 'போல்ட்' என்னும் இரும்புக் கட்டை பின்னோக்கிப் பாயும். பல துப்பாக்கிகளில் அது பின்சுவரில் மோதித்தான் நிற்கும். அந்த மோதலைத் தணிக்க வைப்பதே 'பஃபர்'. 9 மில்லிமீட்டர் கார்பைன் வகைகள் பலவற்றில் பஃபரின் எடையும் முக்கியம். இலேசாக இருந்தால் போல்ட் வேகமாகப் பாய்ந்து பலமாக மோதும். மிகக் கனமாக இருந்தால் முழுதாகப் பின்வாங்காமல் அடுத்த குண்டு சிக்கிக்கொள்ளும்.

அமெரிக்கர் ஜேம்ஸ் சலிவன், நம் சார்ட்டர்ட் இண்டஸ்ட்ரீஸ் ஆஃப் சிங்கப்பூர் நிறுவனத்துக்காக வேறு வழி கண்டார். போல்ட் ஓட நீண்ட இடம் விட்டார். சுவரைத் தொடுமுன் சுருள்வில்லே அதை நிறுத்திவிடும். சிராங்கூன் சாலையில் ஓட்டுநர் பேருந்தை மெல்ல பிரேக் பிடித்து நிறுத்துவதற்கும், எதிலாவது மோதி நிற்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. உதை சீராக இருப்பதால், தொடர்ந்து சுடும்போதும் குறி அதிகம் விலகாது.

காணொளிகளைப் பார்த்துவிட்டு இணையத்தில் பஃபர் தேடும் தம்பிமாருக்கு ஒன்று: சிங்கப்பூரில் துப்பாக்கிக்கு மட்டுமல்ல, அதன் பாகங்களுக்கும் சட்டக் கட்டுப்பாடு உண்டு. உரிமமின்றித் தருவித்தால் பொட்டலத்தோடு வழக்கும் வீடு தேடி வரும்.