நாய்க்குப் பயிற்சி, முதலாளிக்குப் பாடம்

வியாபாரப் பக்கத்தில் நாய்க்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். நம்மில் பெரும்பாலோர் வீட்டில் நாய் வளர்ப்பதில்லை. வேட்டைக்கும், கால்நடை மற்றும் பயிர்க் காவலுக்கும் நாய் வைத்திருக்க மார்க்கத்தில் இடமுண்டு என்பதையும், பழக்கப்பட்ட வேட்டைப் பிராணிகள் பற்றி சூரதுல் மாஇதாவின் 4ஆவது வசனம் பேசுகிறது என்பதையும் அறிவோம். களஞ்சியக் காவல் அதில் எப்படிச் சேரும், நாயின் எச்சில் பட்டால் எப்படிச் சுத்தம் செய்வது என்பவற்றை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் ஆலிம் அல்லன். பழைய சோனகத் தெருவில் முப்பது வருடமாக ஹாட்வெயார் சாமான் விற்பவன். ஒரு நாயினால் எனக்கு ஏற்பட்ட நஷ்டத்தையும், அதைவிடப் பெரிதாக நான் இன்னொருவருக்கு ஏற்படுத்திய நஷ்டத்தையும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2022ஆம் ஆண்டை நாம் மறந்திருக்க மாட்டோம். எரிபொருள் வரிசை, மின்வெட்டு, நாளுக்கு நாள் விலையேற்றம். அந்த இருட்டில் மாபோலையிலுள்ள எனது களஞ்சியத்தின் கூரைத் தகட்டைக் கழற்றி, இரண்டு தடவை செப்புக் கம்பிச் சுருள்களைக் கொண்டுபோய்விட்டார்கள். அதே காலத்தில் பக்கத்துக் களஞ்சியத்துக்காரரான சிங்கள நண்பர் குடும்பத்தோடு வெளிநாடு போனார். அவரிடம் இரண்டு வயது அல்சேஷன் நாயொன்று இருந்தது. "ஹாஜியார், இதை உங்கள் காவலாளியிடம் விட்டுப் போகிறேன்" என்றார். பணம் வாங்கவில்லை. நானும் சம்மதித்தேன்.

நாய்க்குத் திருடனையும் தெரியவில்லை, நாட்டாமியையும் தெரியவில்லை. லொறி வந்தால் சங்கிலியை அறுத்துக்கொண்டு பாய்ந்தது. சாமான் இறக்க வந்தவர்கள் லொறியை விட்டு இறங்க மறுத்தார்கள். வத்தளைப் பக்கத்தில் நாய்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ஓர் இளைஞரை நண்பரொருவர் அனுப்பி வைத்தார். பத்து நாள் வருவதாகவும் மொத்தம் 40,000 ரூபா என்றும் பேசினோம். முழுப் பணத்தையும் முதல் நாளே கையில் கொடுத்தேன். பற்றுச்சீட்டு இல்லை. ஒரு வரி எழுத்தும் இல்லை. "பயிற்சி முடிந்தால் நாய் சொன்னது கேட்குமா தம்பி?" என்றேன். "கேட்கும் அங்கிள்" என்றார். அவ்வளவுதான் எங்கள் ஒப்பந்தம்.

பத்து நாளில் நான் களஞ்சியத்தில் நின்றது முதல் நாள் மட்டும். ஒரு நாள் அவர் வாசலில் வந்து நின்று தொலைபேசி எடுத்தபோது, "இன்று கொள்கலன் இறங்குகிறது, நாளைக்கு வாருங்கள்" என்றேன். இப்படி மூன்று தடவை. கியூ.ஆர். முறை தொடங்கிய அந்த நாட்களில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல்தான் கிடைத்தது. அதில் எவ்வளவை என் வாசலுக்கு வந்து வீணாக்கினார் என்று நான் யோசிக்கவில்லை. காவலாளியோ அவர் இருக்கும்வரை வாரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் போனதும் நாயைச் சங்கிலியில் மாட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

பயிற்சி முடிந்த மறு கிழமை நாய் ஒரு நாட்டாமியின் கெண்டைக்காலைக் கவ்வியது. ஆளை அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். "நாய்க்கு ஊசி போட்ட அட்டை எங்கே?" என்று கேட்டார்கள். பழைய சொந்தக்காரரிடம் அதைக் கேட்டு வாங்க எனக்குத் தோன்றியிருக்கவில்லை. அந்த மனிதருக்கு விசர்நாய்க்கடித் தடுப்பூசி ஏற்றினார்கள். நாயை இரண்டு கிழமை தனியாகக் கட்டிவைத்துக் கவனித்தோம். அவருடைய நாட்கூலியையும் மற்றச் செலவையும் நான் கொடுத்தேன். பிறகு அந்த இளைஞரை அழைத்துப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். அவர் மறுத்தார். கோபத்தில் தெருவில் நான்கு பேர் கேட்க, "அவன் ஏமாற்றுக்காரன்" என்று சொன்னேன். ஒரு தடவையல்ல, பல தடவை சொன்னேன். எங்கள் தெரு முதலாளிமார் இருவர் அவரை நிறுத்திவிட்டார்கள்.

இரண்டு பக்கத் தாள்

சில மாதங்களின் பின் கடவத்தையில் இன்னொருவரைத் தேடிப் போனேன். பொலிஸ் மோப்ப நாய்ப் பிரிவில் கடமையாற்றி ஓய்வு பெற்றவர். நாயைப் பார்ப்பதற்கு முன்பே தட்டச்சு செய்த இரண்டு பக்கத் தாளைக் கையில் தந்தார். "முதலாளி, முதலில் இதை வாசியுங்கள். சம்மதமென்றால் மட்டும் நாயைக் காட்டுங்கள்" என்றார். பணம் கொடுப்பவன் நான், நிபந்தனை போடுபவர் இவரா என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு தடவை வாசித்தேன். அதன் சாரம் இதுதான்.

1. விசர்நாய்த் தடுப்பூசியும் மற்றத் தடுப்பூசிகளும் போட்ட அட்டையைக் காட்ட வேண்டும். அவர் ஒரு நாளில் பல வீடுகளுக்குப் போகிறவர். பார்வோ போன்ற நோய்க் கிருமி சப்பாத்தில் ஒட்டிக்கொண்டுகூட அடுத்த வீட்டு நாய்க்குட்டிக்குப் போய்விடும்.

2. முதற் சந்திப்பு நாயைப் பார்த்து மதிப்பிடுவதற்கு மட்டும். அதற்குத் தனிக் கட்டணம். மொத்தக் கட்டணம் எவ்வளவு என்பதை அதன் பிறகே சொல்வார்.

3. பாதிப் பணம் முற்பணம், மீதி பாதி வகுப்பு முடிந்ததும். இரண்டுக்கும் பற்றுச்சீட்டு உண்டு.

4. வர வேண்டாமென்றால் 24 மணித்தியாலத்துக்கு முன் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அந்த வகுப்பு நடந்ததாகக் கணக்கு. அவர் சொல்லாமல் வராவிட்டால் ஒரு வகுப்பு இலவசம்.

5. நாய்க்குத் தினமும் சாப்பாடு வைப்பவர் ஒவ்வொரு வகுப்பிலும் நிற்க வேண்டும். அவர் இல்லாவிட்டால் வகுப்பு இல்லை.

6. எல்லா வகுப்புகளும் மூன்று மாதத்துக்குள் முடிய வேண்டும். இடைவெளி விழுந்தால் நாய் மறந்துவிடும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

7. நாய் இப்படித்தான் நடக்கும் என்று உத்தரவாதம் கிடையாது. நேரத்துக்கு வருவது, நாயை அடிக்காமலிருப்பது, முடியாத காரியமென்றால் ஒளிக்காமல் சொல்லிவிட்டு நடக்காத வகுப்புகளின் பணத்தைத் திருப்பிக் கொடுப்பது ஆகிய மூன்றுக்கும் உத்தரவாதம் உண்டு.

நான் கேட்ட கேள்விகள்

மறுநாள் நாயோடு போனேன். எல்லோரும் கேட்கும் கேள்விகளைத்தான் நானும் கேட்டேன்.

நாயை இங்கேயே விட்டுவிட்டு, பழகிய பிறகு எடுத்துக்கொள்ளலாமா? "எடுக்கலாம். ஆனால் அது என் சொல் கேட்கும் நாயாக இருக்கும். உங்கள் காவலாளியின் சொல் கேட்க வேண்டுமானால் அவரும் பழக வேண்டும்" என்றார்.

எத்தனை நாளில் சரிவரும்? உட்காரவும் வாரோடு நடக்கவும் சில நாட்களில் பழகிவிடுமாம். புதிய ஆளைக் கண்டு பாயாமலிருக்க மாதக் கணக்காகலாம். நீண்ட நேரம் பழக்குவதில் பயனில்லை. ஐந்து, பத்து நிமிடமாக நாளைக்கு இரண்டு மூன்று தடவை பழக்க வேண்டும். சொன்னதைச் செய்த அந்தக் கணத்திலேயே வாயில் ஏதும் கொடுக்க வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் எதற்காகக் கிடைத்தது என்று நாய்க்கு விளங்காது.

வளர்ந்த நாய் பழகுமா? பழகும். ஆனால் பிறந்த மூன்றாம் கிழமையிலிருந்து பதினான்காம் கிழமை வரையான காலத்தில்தான் குட்டி மனிதர்களையும் சத்தங்களையும் பயமின்றி ஏற்றுக்கொள்ளப் பழகுகிறது. அந்தக் காலத்தில் தவறியதைப் பின்னர் ஈடுசெய்யப் பொறுமை வேண்டும்.

இரண்டு அடி கொடுத்தால் வேகமாகப் பழகாதா? "அடித்தால் உறுமுவதை நிறுத்திவிடும். பயம் உள்ளேயே இருக்கும். பிறகு உறுமாமலே கடிக்கும்" என்றார். மிருகங்களின் நடத்தையை ஆராயும் அமெரிக்க மிருக வைத்தியர் சங்கம் 2021இல் வெளியிட்ட அறிக்கையும் எல்லா நாய்களுக்கும் வெகுமதி கொடுத்துப் பழக்கும் முறையையே சிபாரிசு செய்கிறது.

திருடனைக் கடிக்கப் பழக்குவீர்களா? அதற்கு உடனே மறுத்துவிட்டார். களஞ்சியத்துக்குக் குரைக்கும் நாய் போதும். நாய் கடித்தால் சொந்தக்காரர் நட்டஈடு கொடுக்க நேரிடும் என்பது நம் நாட்டிலுள்ள ரோமன் டச்சுச் சட்டத்தின் பழைய கோட்பாடு. பயிற்றுநரோடு என்ன எழுதிக்கொண்டாலும் கடிபட்ட மூன்றாம் ஆளை அந்த எழுத்துக் கட்டுப்படுத்தாது.

எங்கே பிழை?

ஐந்தாவது நிபந்தனையை வாசித்தபோதே எனக்குச் சுருக்கென்றது. முதல் இளைஞரிடம் நான் அட்டை காட்டவில்லை, வகுப்புக்கு நிற்கவில்லை, வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பினேன், காவலாளியைப் பழகச் சொல்லவில்லை. அவருடைய பிழை, இவற்றையெல்லாம் முதலிலேயே எழுதித் தராமல் "கேட்கும் அங்கிள்" என்று சொன்னதுதான். பிழையில் பெரும்பங்கு என்னுடையது. ஆனால் தெருவில் கெட்ட பெயர் அவருக்கு.

வத்தளைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். பயிற்சி வேலையைப் பாதியில் விட்டுவிட்டு அதே மோட்டார் சைக்கிளில் சாப்பாட்டுப் பார்சல் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "எழுதி வைக்காதது என் பிழை அங்கிள்" என்றார். எங்கள் தெருவின் இரண்டு முதலாளிமாரிடமும் போய் உண்மையைச் சொன்னேன். ஒருவர் அவரை மீண்டும் அழைத்தார். மற்றவர் அழைக்கவில்லை. வாயால் கெடுத்ததை அதே வாயால் முழுவதும் சரிசெய்ய முடியவில்லை.

நமது தொழிலுக்கு

குறித்த தவணைக்குக் கடன் கொடுக்கல் வாங்கல் செய்தால் எழுதிக்கொள்ளும்படி பணிக்கும் சூரதுல் பகராவின் 282ஆவது வசனம்தான் அல்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம். கைக்குக் கை மாறும் வியாபாரத்துக்கு அதே வசனம் சலுகை தருகிறது. பத்து நாள் வேலைக்கு இன்றே பணம் வாங்குவது கைக்குக் கை மாறும் வியாபாரமா? இது தெரிந்திருந்தும், "நமக்குள்ளே என்ன எழுத்து?" என்று கேட்டுத்தான் எத்தனையோ உறவுகளை முறித்துக்கொள்கிறோம்.

சட்டமும் கவனிக்க வேண்டியது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் பொருளுக்கு மட்டுமன்றிச் சேவைக்கும் பொருந்தும். வாங்குபவர் கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும். சேவையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்வோம் என்ற பொறுப்பு, நாம் எழுதாவிட்டாலும் இருப்பதாகவே கொள்ளப்படும். குறையிருந்தால் வாடிக்கையாளர் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு செய்யலாம். ஆகவே "எதற்கும் நாம் பொறுப்பல்ல" என்று பலகை மாட்டித் தப்பிக்க நினைப்பது சரிவராது. கடவத்தைக்காரரின் தாள் அப்படிப்பட்டதல்ல. வாடிக்கையாளர் பிந்தினால் என்ன, தான் பிந்தினால் என்ன என்று இரண்டு பக்கத்தையும் அது கட்டியிருந்தது. எனக்கு அதில் பிடித்ததும் அதுதான்.

இன்னுமொரு விஷயமும் அங்கே படித்தேன். மேசையடியில் நின்று குரைக்கும் நாய்க்கு ஒன்பது தடவை கொடுக்காமலிருந்து பத்தாவது தடவை ஒரு துண்டு போட்டால், இனிப் பத்துத் தடவையும் குரைக்க வேண்டும் என்றுதான் அது படிக்குமாம். வாடிக்கையாளரை நாயோடு ஒப்பிடுகிறேன் என்று கோபிக்க வேண்டாம். பழக்கம் கொடுத்தவர்கள் நாம்தான் என்கிறேன். சத்தம் போடுபவருக்கு மட்டும் விலையைக் குறைத்துவிட்டு, அமைதியாக வாங்குபவரிடம் முழு விலை எடுத்தால், அடுத்த முறை எல்லோரும் சத்தம் போடத்தான் செய்வார்கள்.

என் கடையில் நீர்ப்பம்பி விற்கிறோம். தண்ணீரில்லாமல் ஓடவிட்டு மோட்டரை எரித்துவிட்டு வந்து சண்டை பிடிப்பவர்கள் மாதத்துக்கு ஓரிருவர் இருந்தார்கள். இப்போது பம்பியோடு அரைப் பக்கத் தாள் கொடுக்கிறோம். எந்தப் பழுதுக்கு நாம் பொறுப்பு, எதற்கு இல்லை, வாங்குபவர் என்ன செய்ய வேண்டும், பணத்தை எப்போது திருப்பிக் கொடுப்போம் என்று அதில் இருக்கிறது. பையன்கள் பணம் வாங்குவதற்கு முன்பே அதை வாசித்துக் காட்டுகிறார்கள். இதனால் ஓரிரு விற்பனை தவறியதும் உண்டு. சண்டை அநேகமாக நின்றுவிட்டது.

சாரதிப் பயிற்சி, டியூஷன், தையல், கல்யாணச் சாப்பாடு, குளிர்சாதனம் திருத்துவது, உம்ராப் பயண ஏற்பாடு என்று நம்மவர் பலர் சேவைத் தொழிலில் இருக்கிறார்கள். இவற்றில் வேலையின் பலன் ஓரளவுக்கு வாடிக்கையாளரின் கையிலும் தங்கியிருக்கிறது. அவர் செய்ய வேண்டியது என்ன என்பதைப் பணம் வாங்குவதற்கு முன் எழுதிக் கொடுங்கள். வாங்குபவராக இருந்தால் எழுதித் தரும்படி கேளுங்கள்.

நாய் இன்னும் மாபோலையில்தான் இருக்கிறது. லொறி வந்தால் காவலாளி ஒரு சொல் சொல்வார். தன் சாக்கில் போய்ப் படுத்துக்கொள்ளும். வத்தளைத் தம்பி இப்போது கிழமையில் மூன்று நாள் பயிற்சிக்குப் போகிறார். அவருடைய நிபந்தனைத் தாளின் தமிழ்ப் பிரதியை என் கடையிலிருந்துதான் போட்டோ பிரதி எடுத்துக்கொண்டு போனார். அதற்கு நான் பணம் வாங்கவில்லை.

இன்ஷா அல்லாஹ், அடுத்த வாரம் முற்பணம் வாங்குவது பற்றி எழுதுகிறேன். உங்கள் தொழிலில் ஏற்பட்ட அனுபவங்களையும் எழுதி அனுப்புங்கள்.